பட்டி பூட்டவில்லை என்றால் குற்றம் யாருடையது?

காரில் ஏறியதும் சீட் பெல்ட்டை இழுத்துப் பூட்டுகிறோம். "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கிறது. அத்தோடு அதை மறந்து விடுகிறோம். ஒரு நாள் அது பூட்ட மறுக்கிறது. இரண்டு மூன்று தடவை குத்திப் பார்க்கிறோம். "பிள்ளைகள் பிஸ்கட்டைக் கொட்டிக் கொட்டி இதையும் நாசமாக்கி விட்டார்கள்" என்று பின் ஆசனத்தில் இருப்பவர்களுக்கு ஓர் ஏச்சு விழுகிறது. பிறகு பட்டியை மடியில் சும்மா போட்டுக்கொண்டு, பொலிஸைக் கண்டால் மட்டும் கையால் பிடித்துக்கொண்டு, பயணம் தொடர்கிறது.

பிஸ்கட் தூளின் மேல் பழியைப் போடுவதற்கு முன்னர், சகோதரிகளே, 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒரு விவகாரத்தைக் கேளுங்கள்.

அங்கே ஓடிக்கொண்டிருந்த ஜப்பானிய வாகனங்களின் சொந்தக்காரர்கள் பலர் ஒரே விதமான முறைப்பாட்டைச் செய்து வந்தார்கள். ஆசனப்பட்டியின் பூட்டு சில வேளைகளில் பூட்டுவதில்லை. சில வேளைகளில் பூட்டியது போல் இருந்துவிட்டுத் தானாகவே கழன்று விடுகிறது. விபத்து நேரத்தில் கழன்றதாகவும் முறைப்பாடுகள் இருந்தன. தயாரிப்பாளர் தரப்பிலிருந்து வந்த வாதம் என்ன தெரியுமா? பூட்டில் பிழையில்லை, பாவிப்பவர்கள்தான் கவனமில்லை. உணவுத் துணுக்குகளும், சிந்திய பானங்களும், நாய் பூனையின் உரோமமும் உள்ளே போய் அடைத்துக் கொள்கின்றன என்பதே. நம் வீட்டில் பிள்ளைகளுக்கு விழும் அதே ஏச்சுத்தான். ஆனால் ஏசியது உலகப் பெயர் பெற்ற கம்பெனிகள்.

உண்மைக் காரணம் வேறாக இருந்தது. நாம் விரலால் அமுக்கும் அந்தச் சிவப்புப் பொத்தான் ஏ.பி.எஸ். என்னும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கினால் செய்யப்பட்டிருந்தது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் ஆண்டுக்கணக்காகப் பட்டதில் அந்தப் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டது. உடுப்புக் கொடியில் மாட்டிய கிளிப்பை ஒரு வருடம் வெயிலிலேயே விட்டுப் பாருங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும், விரலால் அழுத்தியதும் "படக்" என்று உடையும். அதே கதைதான் காருக்குள்ளும் நடந்தது. பொத்தானின் ஓரத்திலிருந்து சிறு சிறு துண்டுகள் உடைந்து பூட்டுக்குள் விழுந்தன. உள்ளே இருக்கும் பற்றும் பாகம் அந்தத் துண்டுகளில் சிக்கியது. அதனால் பட்டியின் உலோக நாக்கை அதனால் ஒழுங்காகப் பற்ற முடியவில்லை.

அந்தப் பூட்டுகளைச் செய்தது ஜப்பானின் தகாட்டா நிறுவனம். 1933இல் நெசவுத் தொழிலாகத் தொடங்கி, பரசூட் கயிறுகள் செய்து, 1960இல் ஆசனப்பட்டிக்கு வந்த நிறுவனம் அது. நெய்த பட்டியில் குறையில்லை. பிளாஸ்டிக்கில்தான் கோட்டை விட்டது. ஹொண்டா, நிசான், மஸ்டா, மிட்சுபிஷி, சுபாரு, இசுசு, சுசுகி என்று பல கம்பெனிகளின் வாகனங்களில் அந்தப் பூட்டு பொருத்தப்பட்டிருந்தது. 1986க்கும் 1991க்கும் இடைப்பட்ட மாதிரிகள் அவை. 1995 மே மாதத்தில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீள அழைக்கப்பட்டன. அமெரிக்காவில் அதுவரை நடந்த மீளழைப்புகளில் மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்று. குறையை உரிய காலத்தில் அறிவிக்கவில்லை என்பதற்காக ஹொண்டாவுக்கும் தகாட்டாவுக்கும் தலா 50,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. இத்தனை இலட்சம் வாகனங்களுக்கு இந்தத் தொகை எந்த மூலைக்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதே தகாட்டாவின் பெயர் பின்னர் காற்றுப் பைகள் விடயத்தில் உலகம் முழுக்க நாறி, 2017இல் அந்த நிறுவனம் வங்குரோத்தானது.

மீளழைப்பு என்றதும் காரைத் திருப்பி வாங்கிக்கொண்டு காசைத் தருவார்கள் என்று சிலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அப்படியல்ல. குறையுள்ள பாகத்தைச் செய்த கம்பெனியே தன் செலவில் திருத்திக் கொடுப்பதுதான் அது. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி வகுத்தது. 1974இல் செய்த திருத்தம், திருத்த வேலையை இலவசமாகவே செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. சொந்தக்காரரின் வீட்டுக்குத் தபாலில் கடிதம் வரும். அவர் கடிதத்தோடு கம்பெனியின் வேலைத்தளத்துக்குப் போவார். புதிய பொத்தான், அல்லது புதிய பூட்டு போட்டுக் கொடுப்பார்கள்.

இது பழைய காலத்துக் கதை என்று தள்ளி விட வேண்டாம். 2023 மார்ச்சில் அதே ஹொண்டா, 2017 முதல் 2020 வரையான சில மாதிரிகளில் ஏறக்குறைய நாலரை இலட்சம் வாகனங்களை அமெரிக்காவில் மீள அழைத்தது. இம்முறையும் முன் ஆசனப் பூட்டுத்தான். பூட்டின் உட்புறத்தில் இருந்த மேற்பூச்சு நாளடைவில் கெட்டுப் போகிறது. குளிர் நேரத்தில் பொத்தான் சுருங்கி உராய்கிறது. நாக்கு சரியாகப் பூட்டுவதில்லை. அதற்கு முன்னர் 2016 பெப்ரவரியில் டொயோட்டா, தனது ராவ்-4 வாகனங்களையும் ஜப்பானில் ஓடும் வன்கார்ட் வாகனங்களையும் சேர்த்து உலகெங்கும் சுமார் 28 இலட்சத்து 70 ஆயிரம் வாகனங்களை அழைத்தது. அதில் பூட்டிலோ பட்டியிலோ பிழையில்லை. பின் ஆசன மெத்தைக்குக் கீழே உள்ள இரும்புச் சட்டத்தின் விளிம்பு, கடுமையான நேர்மோதலின்போது பட்டியை அறுத்துவிடக் கூடும் என்பதே குறை. பின் ஆசனத்தில் இருப்பது யார்? அநேகமாக நாமும் நம் பிள்ளைகளும்தான். திருத்தமோ மிகச் சாதாரணமானது. அந்த இரும்பு விளிம்புக்கு ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டி விட்டார்கள், அவ்வளவுதான். பத்து வருடமாக எவர் கண்ணுக்கும் படாத ஒரு விளிம்பு!

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஓடும் வாகனங்களில் பெருந்தொகையானவை ஜப்பானில் ஒருவர் ஓடிய பின் இங்கு வந்தவை, "ரீகண்டிஷன்" என்கிறோம். மீளழைப்புக் கடிதம் அந்த ஜப்பானியரின் விலாசத்துக்குப் போகுமே தவிர, கண்டிக்கும் கல்முனைக்கும் வராது. வாகனம் கப்பல் ஏறும் முன்னர் அவர் திருத்தினாரா இல்லையா என்பது நமக்குச் சொல்லப்படுவதில்லை. விற்பவர் ரேடியோவைப் பற்றிச் சொல்வார், ஏசியைப் பற்றிச் சொல்வார், எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதை மூன்று தடவை சொல்வார். மீளழைப்பைப் பற்றி அவராகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் அறிய வழி இருக்கிறது. ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு செசி இலக்கம் உண்டு. வாகனப் பதிவுப் புத்தகத்தில் அது எழுதப்பட்டிருக்கும். ஜப்பானுக்குள் விற்கப்பட்ட வாகனமாயின் முதலில் மாதிரியின் குறியீடு, நடுவில் ஒரு சிறு கோடு, பின்னர் இலக்கங்கள் என்று குட்டையாக இருக்கும். ஏனைய நாடுகளுக்கென்று செய்த வாகனங்களில் பெரும்பாலும் 17 எழுத்தும் இலக்கமும் கலந்து நீளமாக வரும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க இணையத்தளத்தில் ஜப்பானியச் செசி இலக்கத்தை அடித்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் வரவில்லை, நம் வாகனம் சுத்தம்" என்று நிம்மதியடைபவர்கள் இருக்கிறார்கள். அங்கே தேடினால் வராது. அந்தந்தக் கம்பெனியின் ஜப்பானியத் தளத்தில்தான் தேட வேண்டும். ஜப்பானிய மொழியில் இருந்தாலும் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்துத் தந்துவிடுவார்கள். அல்லது அந்த இலக்கத்தோடு, இங்குள்ள முகவர் நிறுவனத்திடம் "இந்த வாகனத்தில் செய்யாமல் விட்ட மீளழைப்பு ஏதும் உண்டா?" என்று கேளுங்கள். இலவசமாகச் செய்து தருவார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். குறை இருக்கிறதா என்பதையாவது அறிந்து கொள்ளலாம்.

மீளழைப்பு இருக்கட்டும், நம் கையால் பார்க்கக் கூடியதும் உண்டு. வீட்டு முற்றத்தில் வாகனம் நிற்கும்போது பத்து நிமிடம் போதும். பட்டியைக் கடைசி வரை இழுத்து, நல்ல வெளிச்சத்தில் இரு ஓரங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். தையல் தெரிந்த பெண்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நூல் பிசிறியிருந்தாலும், ஓரத்தில் வெட்டு விழுந்திருந்தாலும், ஓரிடத்தில் மட்டும் நெசவு தளர்ந்திருந்தாலும் விரல் சொல்லிவிடும். கையை விட்டால் பட்டி தானாகச் சுருள வேண்டும். சட்டென்று வெட்டி இழுத்தால் நின்று பிடிக்க வேண்டும். நாக்கைப் பூட்டில் போட்டு, சத்தம் கேட்டதோடு திருப்தியடையாமல், பலமாக இழுத்துப் பாருங்கள். கழலக் கூடாது. பின்னர் பொத்தானை ஒரு விரலால் அமுக்கினால் நாக்கு துள்ளி வெளியே வர வேண்டும். கடைசியாக அந்தச் சிவப்புப் பொத்தானை உற்றுப் பாருங்கள். நிறம் வெளிறி, மூலை உடைந்து, மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால் அதை அலட்சியம் செய்ய வேண்டாம். நடு ஆசனத்துப் பட்டியையும் மறக்காதீர்கள். பல வாகனங்களில் அது மெத்தையின் இடுக்குக்குள் எங்கோ புதைந்து கிடக்கும். தேடி எடுக்கவே ஐந்து நிமிடம் ஆகும்.

குறை கண்டால் அடுத்த கேள்வி, யார் திருத்துவது? தெருமுனைக் கராஜில் பூட்டைக் கழற்றி, எண்ணெய் விட்டு, ஊதிக் கொடுப்பார்கள். இரண்டு நாள் நன்றாக வேலை செய்யும். எண்ணெய் பிடித்த இடத்தில் தூசி சேர்ந்து மூன்றாம் நாள் இன்னும் மோசமாகும். பிசிறிய பட்டியைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்து வாங்குவது அதைவிட ஆபத்தானது. மோதலில் அந்தப் பட்டி மீது விழும் இழுவையைச் சாதாரணத் தையல் தாங்காது. ஊசி குத்திய இடமே கிழியத் தொடங்கும். தளர்ந்த பட்டியில் முடிச்சுப் போடுவதும் அப்படித்தான். குறையுள்ள பட்டியை முழுமையாக, அந்த மாதிரிக்கே உரிய பாகத்தால் மாற்றுவதுதான் திருத்தம்.

இன்னொன்று: புதிய வாகனங்கள் பலவற்றில் பட்டியோடு ஒரு சிறு வெடிமருந்துக் குப்பி இருக்கிறது. மோதிய கணத்தில் அது வெடித்துப் பட்டியை இறுக்கிப் பிடிக்கும். ஒரு முறை வெடித்தால் அதன் ஆயுள் முடிந்தது. விபத்தில் அடிபட்டுப் பெயின்ட் அடித்து விற்கப்படும் வாகனங்களில் இந்தக் குப்பி வெடித்தபடியே கிடக்கலாம். சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டிய காற்றுப் பை விளக்கு அணையாமல் நின்றாலோ, அடியோடு எரியாமலே இருந்தாலோ, வாங்கும் முன் காரணம் கேட்க வேண்டும். இந்தப் பாகத்தை வீட்டில் கழற்றிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

பட்டி போடாவிட்டால் அலறும் மணியை அடக்க, வெறும் நாக்கை மட்டும் தனியே விற்கிறார்கள். அதை வாங்கிப் பூட்டில் குத்திவிட்டு ஓடுபவர்களை என்னவென்று சொல்ல! பூட்டும் தேய்கிறது, ஆளுக்கும் பாதுகாப்பில்லை. முன் ஆசனங்களில் பட்டி அணிவது இந்நாட்டில் 2011இல் கட்டாயமானது. தண்டத்துக்குப் பயந்து தோளில் போடுவதும், மணிக்குப் பயந்து நாக்கைக் குத்துவதும் ஒரே ரகம். முன் ஆசனத்தில் இருப்பவரின் மரண ஆபத்தை ஆசனப்பட்டி ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. பூட்டு வேலை செய்தால்தான் அந்தக் கணக்கும்.

கடைசியாக, பட்டியைக் கழுவலாமா என்று பலர் கேட்பதுண்டு. பால் கொட்டும், பிள்ளை வாந்தி எடுக்கும், கழுவத்தான் வேண்டும். பட்டியை முழுவதும் வெளியே இழுத்து, மீண்டும் சுருளாதபடி மேலே ஒரு கிளிப்பை மாட்டிவிட்டு, மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு துணியால் துடைக்க வேண்டும். வெளிற்றும் திரவமும் சாயமும் நூலைப் பலவீனப்படுத்தும். அவை பக்கத்திலும் வரக் கூடாது. பூட்டுக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நிழலில் நன்றாக உலர்ந்த பின்னரே சுருள விடுங்கள். ஈரத்தோடு உள்ளே போனால் பூஞ்சணம் பிடித்து, அடுத்த தடவை இழுக்கும்போது மணமே சொல்லும்.