இந்தப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? பாலில் உலோகங்களைச் சோதிப்பது எப்படி

"தம்பி, காணியை உழேக்கை இப்பவும் ரவை வருது. இதில மேயிற மாட்டின்ர பாலைப் பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?"

புதுக்குடியிருப்புப் பக்கம் இரண்டு பசுக்களை நம்பிக் குடும்பம் நடத்தும் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் என்பதால் கேட்டார். "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லியிருக்கலாம். "வேண்டாம், நிறுத்துங்கோ" என்றும் சொல்லியிருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் இரண்டில் எதைச் சொன்னாலும் அது பொறுப்பற்ற பேச்சு. முதலாவது பிள்ளைகளைப் பாதிக்கக்கூடும். இரண்டாவது அந்த வீட்டின் வருமானத்தை அழித்துவிடும். அவருக்கு நான் சொன்ன விளக்கத்தையே இங்கே எழுதுகிறேன்.

பாலில் என்ன இருக்கிறது?

ஒரு லீற்றர் பசுப்பாலில் ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் கல்சியம் உண்டு. பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம், சிறிதளவு நாகம் ஆகியனவும் உண்டு. இவை உடலுக்குத் தேவையான கனியுப்புகள். ஈயம், கட்மியம், ஆசனிக் போன்றவற்றால் உடலுக்கு எந்தப் பயனும் இல்லை. சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ், பாலில் ஈயத்துக்கு விதித்துள்ள உச்ச அளவு ஒரு கிலோகிராமுக்கு 0.02 மில்லிகிராம். 10,000 லீற்றர் பிடிக்கும் ஐந்து பவுசர் பாலில் ஒரேயொரு கிராம் ஈயம் கலந்தால் அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

இவ்வளவு சிறிய அளவுக்கு ஏன் கவலைப்பட வேண்டும்? சிறு பிள்ளைகளின் உடல், வளர்ந்தவர்களின் உடலைவிட நான்கு ஐந்து மடங்கு ஈயத்தை உள்ளெடுக்கும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

ஈயம் கலந்த பாலுக்கு நிறமாற்றமோ மணமோ இருக்காது. பால் சேகரிப்பு நிலையத்தில் வைக்கும் பால்மானி அடர்த்தியை மட்டுமே அளக்கும். தண்ணீர் கலந்ததைக் காட்டும், ஈயத்தைக் காட்டாது. காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் போகாது. பால் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

ரவையா, பற்றரியா?

அந்தத் தாயின் பயம் ரவைகளைப் பற்றியது. பல வகை ரவைகளின் உள்ளே ஈயம் இருப்பது உண்மை. ஆனால் மண்ணில் புதைந்த ஈயம் மிக மெதுவாகவே கரையும். வேர் வழியாகப் புல்லுக்குப் போவதும் குறைவு. கோடையில் புல் கட்டையாகும்போது மாடு புல்லோடு சேர்த்து விழுங்கும் மண்தான் முக்கிய வழி.

இதைவிடப் பெரிய ஆபத்து பழைய வாகனப் பற்றரி. உலகெங்கும் மாடுகளுக்கு ஈய நஞ்சேறும் மிகச் சாதாரணமான காரணங்களில் அதுவும் ஒன்று. ஒரு பற்றரிக்குள் பல கிலோகிராம் ஈயம் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி எங்களுக்குக் கிடைத்தற்கரிய பொருள். வானொலி கேட்கவும் ஒரு லைற் எரியவும் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். 2009இல் மக்கள் கைவிட்டு வந்த வாகனங்கள் முள்ளிவாய்க்காலில் மலையாகக் குவிந்து கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பின்னர் பழைய இரும்பு பொறுக்கியவர்கள் பற்றரிகளை உடைத்த இடங்களும், வாகனங்கள் எரிந்த இடங்களும் இன்று மேய்ச்சல் தரையாக இருக்கக்கூடும்.

மாடு ஏன் அதை நக்குகிறது? கனியுப்புக் குறைபாடுள்ள மாடு, குறிப்பாகப் பொசுபரசு போதாத மாடு, எலும்பையும் மண்ணையும் கண்டதையும் கடிக்கும். உடைந்த பற்றரித் தகட்டை நக்கினால் ஈயம் உள்ளே போகும். கல்சியம் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும்; இது மாட்டுக்கும் பிள்ளைக்கும் பொருந்தும். ஆகவே மாட்டுக்குக் கனியுப்புக் கட்டி கொடுப்பது பால் கூடுவதற்காக மட்டுமல்ல.

கட்மியத்தின் கதை வேறு. அது பெரும்பாலும் மாட்டின் சிறுநீரகத்திலும் ஈரலிலும் தங்கிவிடும். பாலுக்கு வருவது மிகக் குறைவு.

சோதனை நடக்கும் விதம்

பால் எடுப்பதிலேயே பாதிப் பிழை நடந்துவிடும். பித்தளைப் பாத்திரத்திலோ ஈயம் பற்றவைத்த வாளியிலோ கறந்தால், பாத்திரத்தின் ஈயத்தை மாட்டின் ஈயமாக எழுதிவிடுவோம். அமிலத்தால் கழுவிய பிளாஸ்ரிக் போத்தலை ஆய்வுகூடத்திடம் கேட்டு வாங்க வேண்டும். ஒரு போத்தலில் முலையிலிருந்து நேரே கறந்த பால், இன்னொன்றில் வாளிப் பால். இரண்டாவதில் மட்டும் ஈயம் கூடினால் பிழை வாளியில். ஒவ்வொரு மாட்டுக்கும் தனிப் போத்தல் வேண்டும். சேகரிப்பு நிலையத்தின் கலந்த பாலில் ஒரு மாட்டின் நஞ்சு ஐதாகி மறைந்துவிடும். கிணற்று நீரையும் மேயும் இடத்து மண்ணையும் கூடவே அனுப்பினால்தான் ஈயம் வரும் வழி தெரியும்.

ஆய்வுகூடத்தில் சில கிராம் பாலை நைத்திரிக் அமிலத்தோடு சூடாக்கி, கொழுப்பையும் புரதத்தையும் சிதைத்துத் தெளிந்த திரவமாக்குவார்கள். கல்சியத்தையும் நாகத்தையும் சுவாலை கொண்ட அணு உறிஞ்சல் கருவியால் அளக்கலாம். ஈயத்தின் எல்லை பாலிலுள்ள கல்சியத்தின் அளவைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. அதற்குக் காரீய உலை பொருத்திய கருவியோ ஐசிபி-எம்எஸ் என்ற கருவியோ வேண்டும். பாலே இல்லாத வெற்று மாதிரியையும், ஈய அளவு முன்பே தெரிந்த பால்மாவையும் கூடவே அளந்து பார்ப்பார்கள். வெற்று மாதிரியில் ஈயம் வந்தால் ஆய்வுகூடமே அழுக்கு.

அறிக்கையை வாசிக்கும்போது

"கண்டறியப்படவில்லை" என்று எழுதியிருந்தால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். கருவி அளக்கக்கூடிய ஆகக் குறைந்த அளவு எது என்று கேளுங்கள். அது 0.1 மில்லிகிராம் என்றால், 0.02 என்ற எல்லையைப் பற்றி அந்த அறிக்கை எதுவும் சொல்லவில்லை. சுன்னாகம் கிணற்றுநீரில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகளுக்கு நடுவே மக்கள் பட்ட பாடு நினைவிருக்கும். எங்கே எடுத்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று கேட்பது எங்கள் உரிமை.

ஒரு போத்தலில் அளவு கூடியதை வைத்து "வன்னிப் பால் நஞ்சு" என்று முகநூலில் போடுவதும் தவறு. பாதிக்கப்படப் போவது பால் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்கள்தான். முதலில் மீண்டும் மாதிரி எடுக்க வேண்டும். உறுதியானால் அந்த மாட்டின் பாலை மட்டும் நிறுத்தி, கால்நடை வைத்தியரைக் கொண்டு இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். கண் தெரியாமல் தடுமாறுதல், பல்லைக் கடித்தல், உமிழ்நீர் வடிதல், தலையைச் சுவரில் அழுத்தி நிற்றல் ஆகியவை ஈய நஞ்சின் அறிகுறிகள். ஆனால் அறிகுறி இல்லாத மாட்டின் பாலிலும் ஈயம் இருக்கலாம்.

உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுக்கும் அதிகாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உண்டு. தனித்தனியாகக் காசு கட்டிச் சோதிப்பது எங்கள் பெண்களால் முடியாது. கிராமத்துப் பால் உற்பத்தியாளர் சங்கங்கள் சேர்ந்து எழுத்தில் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம்.

அந்தத் தாயிடம் மூன்று வேலைகளைச் சொல்லிவிட்டு வந்தேன். காணி மூலையில் கிடந்த உடைந்த பற்றரியைச் சுற்றி வேலி அடைக்க வேண்டும், வெறுங்கையால் தொடக்கூடாது. கொட்டிலில் கனியுப்புக் கட்டி தொங்கவிட வேண்டும். பழைய வாளியை மாற்ற வேண்டும். ரவையோ இனம்தெரியாத பொருளோ கண்டால் தொடாமல் கண்ணிவெடி அகற்றுவோருக்கு அறிவிக்கும்படியும் சொன்னேன். இரண்டு மாடுகளின் பாலையும் தனித்தனிப் போத்தலில் எடுத்து வந்திருக்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கான பதில் அந்த முடிவு வந்த பிறகுதான்.