எம்பிபிஎஸ் படிக்கும்போதே ஆராய்ச்சி: வாய்ப்பு எங்கே, வழிகாட்டி யார்?

கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் செல்கள், சின்னச் சின்னத் தீவுகளைப் போலக் கொத்துக் கொத்தாக இருக்கும். ‘லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்’ என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். 1869இல் அவற்றை முதலில் விவரித்த பால் லாங்கர்ஹான்ஸ், அப்போது பெர்லினில் மருத்துவ மாணவர். வயது 21. அந்தத் திட்டுகளின் வேலை என்ன என்பது அவருக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதையும் ஆய்வேட்டில் நேர்மையாகச் சொல்லிவிட்டார். டொரண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டது 1921இல்தான்.

‘டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஆராய்ச்சி எதுக்கு?’ என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இந்தியாவில் நிலைமை என்ன?

சமிரன் நந்தி உள்ளிட்ட மருத்துவர்கள் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாட்டின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்களில் 332, அதாவது 57 சதவீதத்துக்கும் மேல், 2005 முதல் 2014 வரை ஓர் ஆய்வுக் கட்டுரைகூட வெளியிடவில்லை. பலருக்கு முதல் ஆராய்ச்சியே எம்டி, எம்எஸ் படிக்கும்போது கட்டாயமாக எழுத வேண்டிய தீசிஸ்தான். வார்டு டியூட்டி, நைட் டியூட்டிக்கு நடுவில், ஆய்வு என்றால் என்ன என்பதையே அப்போதுதான் கற்கத் தொடங்குகிறார்கள்.

முன்கூட்டியே பழக வழி இருக்கிறதா?

இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 1979 முதல் நடத்திவரும் ‘ஷார்ட் டெர்ம் ஸ்டூடன்ட்ஷிப்’, சுருக்கமாக எஸ்டிஎஸ். எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்களுக்கானது. பயிற்சி மருத்துவர்கள் விண்ணப்பிக்க முடியாது. இரண்டு மாத ஆய்வு. சமீப ஆண்டுகளில் உதவித்தொகை 50,000 ரூபாய். அது முன்பணமாக வராது. அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே பணமும் சான்றிதழும். விண்ணப்பத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், ஐசிஎம்ஆர் இணையதளத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிப்படையைக் கற்க, சென்னை அயப்பாக்கத்தில் உள்ள ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், என்பிடெல் தளத்தில் ஆன்லைன் வகுப்புகள் நடத்துகிறது. பாடங்களை இலவசமாகவே படிக்கலாம்.

அப்படியானால் சிக்கல் எங்கே?

வழிகாட்டியிடம்தான். எஸ்டிஎஸ் ஆய்வை உங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் கீழ்தான் செய்ய வேண்டும். ஒரு வழிகாட்டி, ஓர் ஆண்டில் ஒரு மாணவரை மட்டுமே எடுக்க முடியும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால், நல்ல வழிகாட்டிகள் ஏற்கெனவே ‘புக்’ ஆகியிருப்பார்கள்.

எப்படித் தேடுவது?

கூகுள் ஸ்காலரில் பேராசிரியரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். சமீபத்தில் என்ன எழுதியிருக்கிறார்? அதைவிட முக்கியம், அவரிடம் ஆய்வு செய்த சீனியர்களிடம் பேசுவது. ‘அறிக்கையைத் திருத்திக் கொடுத்தாரா, இல்லை கையெழுத்து மட்டும் போட்டாரா?’ என்ற ஒரு கேள்வி போதும். சமூக மருத்துவத் துறையின் கதவையும் தட்டிப் பாருங்கள். கணக்கெடுப்பு, மாதிரி அளவு, புள்ளியியல் எல்லாம் அவர்களுக்கு அன்றாட வேலை.

போய் என்ன கேட்பது?

‘சார், ஒரு பேப்பர் வேணும்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஒரு பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். பெரிய லேப் தேவையில்லை. ஓர் உதாரணம்: இன்சுலின் ஊசியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோலடியில் தடிப்பு உண்டாகும். அங்கேயே ஊசி போட்டால் மருந்து சரியாக உடலில் சேராது, சர்க்கரை ஏறி இறங்கும். உங்கள் மருத்துவமனை ஓபிக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தடிப்பு இருக்கிறது? இடத்தை மாற்றிப் போட வேண்டும் என்று அவர்களுக்கு யாராவது சொன்னார்களா?

இதை இரண்டு மாதத்தில் முடிக்கலாம். ‘எத்தனை பேரைப் பார்த்தால் போதும்? தடிப்பு என்று எதைக் கணக்கில் எடுப்பாய்?’ என்று திருப்பிக் கேட்பவர்தான் நல்ல வழிகாட்டி. உங்கள் பெரிய கேள்வியைச் சின்னதாக்கித் தருவார். ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும் முன் ஒரு நோயாளியிடம்கூடத் தகவல் சேகரிக்க விடமாட்டார். கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில் என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுவார்.

எதில் கவனம் தேவை?

‘பணம் கட்டுங்க, ஆத்தர் ஆக்குறோம்’ என்று வாட்ஸ்ஆப்பில் வரும் அழைப்புகளை ஒதுக்கிவிடுங்கள். ஆய்வில் பங்களிக்காமல் பெயர் போட்டுக்கொள்வது முறைகேடு. பின்னாளில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் உங்கள் பெயரும் சேர்ந்தே அடிபடும்.

விண்ணப்பம் தேர்வாகாவிட்டால்?

நெறிமுறை அனுமதி கிடைத்திருந்தால், வழிகாட்டியிடம் பேசி அதே ஆய்வைத் தொடரலாம். உதவித்தொகை இருக்காது, அவ்வளவுதான். அதோடு, ஓபியில் நீங்கள் கேட்ட பிறகு ஒருவர் ஊசி போடும் இடத்தை மாற்றிக்கொண்டால், அந்தப் பலன் எந்தச் சான்றிதழுக்காகவும் காத்திருக்காது.