ஃபேன்டசி காற்பந்து: 38 வாரம் ஓடிப்போச்சு... ஜெயிச்சது திறமையா, அதிர்ஷ்டமா?

"சாலாவை வெச்சிருந்தியா, இல்லையா?"

2024/25 பருவத்தில் திங்கட்கிழமை காலைகளில் வேலையிட வாட்ஸ்ஆப் குழுக்கள் பலவற்றில் சுற்றிய கேள்வி இது. பதில் "இல்லை" என்றால் அன்று முழுக்கக் கிண்டல்தான்.

இங்கிலீஷ் பிரிமியர் லீக்கின் 2024/25 பருவம் மே 25ஆம் தேதி முடிந்தது. கிண்ணம் லிவர்பூலுக்கு.

அதே நாளில் இன்னொரு லீக்கும் முடிந்தது. அதில் ஓடியவர்கள் ஆட்டக்காரர்கள் அல்லர். அலுவலகத்தில், முகாமில், பல்கலைக்கழகத்தில், தேக்கா பக்கம் உள்ள கோப்பிக்கடையில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் 'அணி' நடத்தியவர்கள்.

ஃபேன்டசி பிரிமியர் லீக். சுருக்கமாக எஃப்பிஎல்.

பருவம் எப்படிப் போனது? யாருக்குக் கைகொடுத்தது, யாரைக் கவிழ்த்தது? நண்பர்களுக்குள் காசு போட்டு ஆடலாமா? பார்ப்போம்.

அது என்ன ஆட்டம்?

நீங்கள்தான் நிர்வாகி. கையில் கற்பனைப் பணம் 100 மில்லியன் பவுண்டு.

அதை வைத்து 15 பேரை வாங்கவேண்டும். கோல்காப்பாளர் 2, தற்காப்பு 5, நடுத்திடல் 5, தாக்குதல் 3. ஒரே குழுவிலிருந்து 3 பேருக்கு மேல் எடுக்கமுடியாது.

ஒவ்வோர் ஆட்டவாரமும் 11 பேர் ஆடுவர், 4 பேர் பெஞ்சில். நிஜத் திடலில் அவர்கள் செய்வதுதான் உங்களுக்குப் புள்ளி.

தாக்குதல் ஆட்டக்காரர் கோல் போட்டால் 4, நடுத்திடல் என்றால் 5, தற்காப்பு என்றால் 6. கோலுக்கு உதவினால் 3. மஞ்சள் அட்டை வாங்கினால் ஒரு புள்ளி போச்சு.

ஒருவரை கேப்டனாக வைக்கலாம். அவருடைய புள்ளி இரட்டிப்பாகும்.

வாரத்துக்கு ஓர் ஆளை இலவசமாக மாற்றலாம். மாற்றாமல் சேர்த்தும் வைக்கலாம். 2024/25 பருவத்திலிருந்து 5 மாற்றங்கள் வரை சேர்க்க அனுமதி கிடைத்தது. கையில் இருப்பதற்கு மேல் மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி கழியும்.

விளையாடக் கட்டணம் இல்லை. உலகம் முழுதும் 11 மில்லியனுக்கும் அதிகமானோர் 2024/25 பருவத்தில் பதிவுசெய்திருந்தனர்.

ஆனால் உலகத் தரவரிசையைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. அவர்கள் பார்ப்பது 10, 15 பேர் கொண்ட 'மினி லீக்'. மச்சானை முந்தினோமா, மேலதிகாரியை முந்தினோமா என்பதுதான் கணக்கு.

மினி லீக் 2 வகை. ஒன்றில் மொத்தப் புள்ளியை வைத்து வரிசை. இன்னொன்றில் வாராவாரம் ஒருவரோடு ஒருவர் மோதவேண்டும். வென்றால் 3 புள்ளி, சமன் என்றால் 1. நிஜ லீக் மாதிரியே.

யார் ஆரம்பிச்சது?

1962இல் அமெரிக்காவில் பில் விங்கன்பாக் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து அமெரிக்கக் காற்பந்துக்காக இந்த யோசனையை உருவாக்கினார். அங்கே வழக்கமான பருவம் முடிந்ததும் 'பிளேஆஃப்' எனும் தகுதிச்சுற்று இருக்கும்.

பிரிட்டனில் 1990களில் நாளேடுகள் வழியாகப் பரவியது. அதிகாரபூர்வ எஃப்பிஎல் 2002/03 பருவத்தில் வந்தது. பிரிமியர் லீக்கில் தகுதிச்சுற்று கிடையாது. 38 ஆட்டங்களின் முடிவில் பட்டியலில் எங்கே நிற்கிறீர்களோ, அதுதான் முடிவு.

சிங்கப்பூரில் ஆடினால் தூக்கம் போகுமா?

போகும்!

ஒவ்வோர் ஆட்டவாரத்திலும் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடத்துக்கு முன் அணியைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் மாற்றவேண்டும்.

இங்கிலாந்து நமக்கு 7 மணி நேரம் பின்னால். அங்கே குளிர்காலம் என்றால் 8 மணி நேரம்.

முதல் ஆட்டம் சனிக்கிழமை பகலில் என்றால் பிரச்சினை இல்லை. நமக்குக் கெடு மாலை 6 அல்லது 7 மணி. சிராங்கூன் சாலையில் சாமான் வாங்கிக்கொண்டே மாற்றிவிடலாம்.

வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் என்றால் கெடு நமக்குச் சனிக்கிழமை அதிகாலை ஒன்றரை அல்லது இரண்டரை மணி. வாரநடு ஆட்டங்களும் அப்படித்தான்.

தூங்கி எழுந்து "ஐயையோ, மாத்த மறந்துட்டேன்" என்று தலையில் கைவைத்தவர்கள் நிறைய. கடைசி நேரத்தில் வரும் காய அறிவிப்புகளை இங்கிலாந்தில் இருப்பவர் மாலை வேளையில் படிக்கிறார். நாம் நடுநிசியில் படிக்கவேண்டும்.

இது திறமையும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. நேர வித்தியாசம்.

பருவத்தைப் புரட்டிப்போட்ட 4 விஷயங்கள்

1. ஹாலண்டின் மின்னல் தொடக்கம்

மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்டுக்கு 15 மில்லியன் பவுண்டு விலை வைத்தார்கள். இந்த ஆட்டத்தின் வரலாற்றில் ஆக அதிகமான தொடக்க விலை அது.

முதல் 5 ஆட்டங்களில் அவர் 10 கோல் போட்டார். அதில் 2 ஹாட்ரிக். "ஹாலண்ட் இல்லாம எப்படி ஆடுறது?" என்று எல்லாரும் ஓடினார்கள்.

பிறகு சிட்டி தடுமாறியது. செப்டம்பரில் ரோட்ரி காயமடைந்தார். இலையுதிர் காலத்தில் அடுத்தடுத்துத் தோல்விகள். ஹாலண்ட் பருவத்தை 22 கோலோடு முடித்தார். நல்ல எண்ணிக்கைதான். ஆனால் பாதிக்கு மேல் அவசரமாக அவரை வாங்கியவர்கள் கொடுத்த விலைக்கு அது போதவில்லை.

2. மலிவாகக் கிடைத்த தங்கம்

நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட்டின் கிரிஸ் வுட்டின் தொடக்க விலை 6 மில்லியன். பிரென்ட்ஃபர்டின் பிரையன் எம்பூமோ 7 மில்லியன். இருவரும் ஆளுக்கு 20 கோல் போட்டனர்.

அதாவது இருவரையும் சேர்த்து வாங்கினாலும் ஹாலண்ட் ஒருவரின் விலையைவிடக் குறைவு!

பருவம் தொடங்குமுன் இதை யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்போம்.

3. டிசம்பர் 7, ஒரு புயல்

அதற்கு 3 நாளுக்குமுன் நியூகாசலுக்கு எதிராக முகமது சாலா 2 கோல் போட்டு, ஒரு கோலுக்கு உதவியிருந்தார். அந்த வாரம் ஏராளமானோர் அவரைத்தான் கேப்டனாக வைத்திருந்தனர்.

சனிக்கிழமை எவர்ட்டனும் லிவர்பூலும் மோதவேண்டும். டாரா புயல் வந்தது. ஆட்டம் தள்ளிப்போடப்பட்டது.

இங்கிலாந்தில் அது காலை நேரம். நமக்கு மாலை. செய்தியைப் பார்த்தவர்கள் கேப்டனை மாற்றினார்கள். கல்யாண விருந்தில் இருந்தவர்கள், படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கோட்டைவிட்டார்கள்.

கதை அங்கே முடியவில்லை. தள்ளிப்போன ஆட்டம் பிப்ரவரி 12ஆம் தேதி நடந்தது. அதனால் ஒரே ஆட்டவாரத்தில் லிவர்பூலுக்கு 2 ஆட்டங்கள். சாலா அந்த இரண்டிலும் சேர்த்து 3 கோல் போட்டார், ஒன்றுக்கு உதவினார். காத்திருந்து கேப்டன் புள்ளியை மும்மடங்காக்கும் வாய்ப்பை அப்போது பயன்படுத்தியவர்கள் மேலே போனார்கள்.

4. சாலாவின் சாதனை, பிறகு ஓர் அமைதி

மொத்தம் 29 கோல், 18 கோலுக்கு உதவி. 344 புள்ளி. எஃப்பிஎல் வரலாற்றில் ஒரு பருவத்தில் ஆக அதிகம். 2017/18இல் அவரே எடுத்த 303 புள்ளி சாதனையை முறியடித்தார்.

இதில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. எஃப்பிஎல் கணக்கில் அவர் 'நடுத்திடல்'. கோலுக்கு 5 புள்ளி. 'தாக்குதல்' என்று வகைப்படுத்தியிருந்தால் கோல்களுக்கு மட்டுமே 29 புள்ளி குறைந்திருக்கும்.

ஆனால் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். முதல் 29 ஆட்டங்களில் 27 கோல். கடைசி 9 ஆட்டங்களில் 2 கோல் மட்டுமே. "சாலாதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு வாராவாரம் கேப்டனாக வைத்தவர்களின் முன்னிலை மார்ச் மாதத்துக்குப் பிறகு கரைந்தது.

செல்சியின் பால்மர் கதையும் அப்படித்தான். செப்டம்பரில் பிரைட்டனுக்கு எதிராக முதற்பாதியிலேயே 4 கோல். ஜனவரி நடுப்பகுதிக்குள் 14 கோல். அடுத்த லீக் கோலுக்கு மே 4ஆம் தேதிவரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

சரி, இது திறமையா, அதிர்ஷ்டமா?

இரண்டும்தான்.

புயல் வரும் என்று யாரும் கணித்திருக்க முடியாது. அது அதிர்ஷ்டம். வந்தபிறகு தள்ளிப்போன ஆட்டம் எப்போது நடக்கும் என்று யோசித்து மாற்றங்களைச் சேர்த்து வைத்தது திறமை.

ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டால் அதிர்ஷ்டம்தான் பெரிது. காற்பந்தே தெரியாதவர்கூட அந்த வாரம் உங்களை வெல்லலாம். 38 வாரம் என்று நீளும்போது திறமைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கிடைக்கிறது.

மேலே சொன்ன நான்கையும் சேர்த்துப் பாருங்கள். நேற்று கோல் போட்டவரை இன்று துரத்தியவர்களுக்கு இழப்பு. அவசரத்தில் 4 புள்ளி கொடுத்து மாற்றிய ஒவ்வொரு முறையும், புதிதாக வந்தவர் பழையவரைவிடக் குறைந்தது 5 புள்ளியாவது கூடுதலாக எடுத்தால்தான் லாபம்.

இன்னொன்று. பல மினி லீக்குகளில் நவம்பர், டிசம்பரிலேயே சிலர் அணியைக் கவனிப்பதை விட்டுவிடுவார்கள். காயமடைந்தவர் வாரக்கணக்கில் அணியிலேயே கிடப்பார். கடைசிவரை வாராவாரம் 10 நிமிடம் ஒதுக்கியவர், பெரிய நிபுணராக இல்லாவிட்டாலும், அவர்களையெல்லாம் தாண்டிவிடுவார்.

காசு போட்டு ஆடலாமா?

இங்கேதான் கவனம் தேவை.

"ஆளுக்கு 50 வெள்ளி போடுவோம், ஜெயிச்சவன் எடுத்துக்கட்டும். இதுல என்ன இருக்கு? திறமைதானே?" என்று குழுவில் யாராவது கேட்பார்கள்.

சிங்கப்பூரின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2022 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி 'அதிர்ஷ்ட விளையாட்டு' என்பதில், அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த விளையாட்டும் அடங்கும். "கொஞ்சம் திறமையும் வேணுமே" என்பது தப்பிக்கும் வழி இல்லை.

குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடும் சமூகச் சூதாட்டத்துக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. பண்டிகைக்குச் சீட்டு ஆடுவதுபோல. இணையவழிச் சமூகச் சூதாட்டத்துக்கு அந்த விலக்கு இல்லை. இணையத்தில் ஆடுவோர் உண்மையிலேயே ஒருவரையொருவர் அறிந்தவர்களா என்று உறுதிசெய்வது கடினம் என்பதே காரணம்.

உரிமம் இல்லாத தரப்புகளோடு சூதாடுவோருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அத்தகைய சூதாட்டத்தை நடத்துவோருக்குத் தண்டனை இன்னும் கடுமை.

ஒவ்வொரு மினி லீக்கின் ஏற்பாட்டுக்கும் சட்டம் எப்படிப் பொருந்தும் என்பது அதன் விவரங்களைப் பொறுத்தது. ஆனால் கூட்டாகப் பணம் போட்டு, இணையத்தில் ஆடி, வென்றவர் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் அபாயம் இருக்கிறது. பணத்தை வசூலித்து வைத்திருப்பவருக்கு அது இன்னும் அதிகம். முன்பின் தெரியாதவர்கள் சமூக ஊடகத்தில் "பரிசு லீக்" என்று அழைத்தால் விலகியிருப்பதே நல்லது.

சட்டத்தை விட்டுத்தள்ளினாலும், நட்பு இருக்கிறது. "போன வருஷம் நீ காசு கொடுத்தியா?" என்ற ஒரு கேள்வி, 38 வாரச் சிரிப்பையும் கெடுத்துவிடும். 50 வெள்ளி அடுத்த பருவத்தில் 100 ஆகும். தோற்ற பணத்தை மீட்க உண்மையான பந்தயத்தின் பக்கம் கை போகவும் வாய்ப்புண்டு.

உங்களுக்கோ வேண்டியவருக்கோ அப்படி ஆகிவிட்டதாகத் தோன்றினால் தயங்கவேண்டாம். சூதாட்டப் பிரச்சினைகளுக்கான தேசிய உதவி எண்: 1800-6-668-668.

காசு இல்லாம சுவாரஸ்யம் இருக்குமா?

ஏன் இருக்காது?

கடைசியாக வந்தவரின் அணிக்கு அடுத்த பருவம் முழுக்க மற்றவர்கள்தான் பெயர் வைப்பார்கள் என்று முடிவுசெய்யுங்கள். ஒரு பைசா செலவில்லை. ஆனால் எவரும் கடைசி இடத்துக்குப் போக விரும்பமாட்டார்கள்!

பருவம் முடிந்ததும் ஒருநாள் எல்லாரும் தேக்காவில் கூடுங்கள். அவரவர் தோசைக்கு அவரவர் காசு.

காற்பந்து நமக்குப் புதிதில்லை. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் தலைமுறை தலைமுறையாகப் பந்து உதைத்திருக்கிறார்கள். வி. சுந்தரமூர்த்தி ஆடுவதைப் பார்க்கக் காலாங் விளையாட்டரங்கம் நிரம்பி வழிந்ததை அப்பாக்களும் மாமாக்களும் இன்னமும் சொல்வார்கள். அன்று அரங்கில் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியவர்கள், இன்று வாட்ஸ்ஆப்பில் கத்துகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

வேறு நிறுவனத்துக்குப் போய்விட்ட பழைய சக ஊழியர், வெளிநாட்டில் படிக்கும் தம்பி... வேறு எதற்கும் பேசாவிட்டாலும் சனிக்கிழமை மாலை "கேப்டன் யாரு?" என்று ஒரு செய்தி அனுப்புவார்கள். பல குழுக்களில் பருவம் முழுக்கத் தொடர்பு அறாமல் வைத்திருப்பது அந்த ஒரு கேள்விதான்.

அடுத்த பருவம் ஆகஸ்ட்டில் தொடங்குகிறது. அதற்குள் மூன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

- கெடு நேரத்தைச் சிங்கப்பூர் நேரத்தில் குறித்து, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.
- நேற்றைய கோலைத் துரத்தாதீர்கள். மாற்றத்தைச் சேமித்து வைப்பதும் ஒரு முடிவுதான்.
- பணத்தை வெளியே வையுங்கள், கிண்டலை உள்ளே வையுங்கள்.

அப்புறம்... "சாலாவை வெச்சிருக்கியா?"