பாட்டனார் வைத்துச் சென்ற துப்பாக்கி

பழைய துப்பாக்கியைக் கண்டால் நம்மவர் முதலிற் கேட்பது, "இஃது எந்தக் கம்பெனி?" என்பதே. பர்டி, கிரீனர் என்னும் பெயர் பொறித்திருப்பின் முகம் மலர்வர்; கேள்விப்படாத பெயராயின் பழைய இரும்பு என்று தள்ளிவிடுவர். இஃது எத்துணைத் தவறான கணக்கு என்பதைத் தனுவச்சபுரத்தில் வாழும் நம் நண்பர் ஒருவரின் இல்லத்தில் அண்மையிற் கண்டோம்.

நண்பரின் பாட்டனார் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதியவர். தாய்நாடு திரும்பிய துரை ஒருவர் தம் இரட்டைக்குழல் துப்பாக்கியை அவருக்கு அளித்துச் சென்றார். லைசென்சுடன் மூன்று தலைமுறையாக அது அவ்வீட்டிலேயே உள்ளது. குழலின் மேற்பட்டையில் உள்ளதோ யாரும் அறியாத பர்மிங்காம் கடையொன்றின் பெயர்.

2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. லைசென்சு பெற்ற துப்பாக்கிக்காரர்களுக்கு அழைப்பு வரலாயிற்று. மலையடிவாரத்தில் மரச்சீனி பயிரிட்டிருந்த உறவினரும் நண்பரை வருந்தி அழைத்தனர். நண்பர் புதுத் தோட்டாக்களும் வாங்கிவிட்டார். அதே வாரத்தில் தரகர் ஒருவர் வந்து, "பெயரில்லாத துப்பாக்கி" என்று சொற்ப விலை கேட்டார். சுடுவதா, விற்பதா என்று நண்பர் நம்மை வினவினார். ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு என்ன தெரியும்? அறிந்தவரிடம் காட்டுவோம் என்று திருவனந்தபுரத்திலுள்ள வியாபாரி ஒருவரிடம் இருவரும் சென்றோம். அம்முதியவரிடம் கற்றதையே ஈண்டு எழுதுகின்றோம்.

மேற்பட்டையில் உள்ள பெயர் பெரும்பாலும் விற்றவரின் பெயரே. பர்மிங்காம் பட்டறைகளில் எத்தனையோ கைவினைஞர் செய்த துப்பாக்கிகள் ஊர்தோறும் கடைக்காரர் பெயரைத் தாங்கி வெளிவந்தன. கல்கத்தாவின் ராட்டா கம்பெனியும், கடிகாரத்திற்குப் புகழ்பெற்ற சென்னை பி. ஆர் அண்டு சன்ஸும் இங்ஙனம் தம் பெயரிட்டு விற்றவையே. ஆகவே சிறிய பெயர் குறையன்று. பெரிய பெயர் மெய்யென்பதும் உறுதியன்று. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் மலிவாகச் செய்து ஆங்கிலப் பெயரைப் போலியாகப் பொறித்தவையும் உண்டு. குழலின் அடியில் 'ஈ.எல்.ஜி.' என்னும் முத்திரை இருப்பின் அது லியேஜ் சரக்கு என்று அறியலாம்.

குழலைக் கழற்றி அடிப்புறத்தைக் காண்பதே முதற்பாடம். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637-இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813-இல் சட்டத்தால் ஏற்பட்டது. அளவுக்கு மிஞ்சிய மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கே அங்கு முத்திரை இடுவர். 1904-இன் விதிகளுக்குப் பின் 'என்.பி.' என்ற முத்திரை இருப்பின், புகையில்லா மருந்தைத் தாங்கியது என்பது பொருள். அஃதோ அதற்கு முந்திய 'நைட்ரோ புரூஃப்' என்ற எழுத்தோ இல்லையேல், கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது என்று கொள்ளவேண்டும்.

அடுத்தது தோட்டா அறையின் நீளம். பழைய பன்னிரண்டு போர் துப்பாக்கிகள் பலவற்றின் அறை 2½ அங்குலமே. இன்று பெருவழக்காயுள்ள 2¾ அங்குலத் தோட்டாவும் அதில் தடையின்றி நுழையும். மடித்த வாய் வெடிக்கும்போது விரிந்து குழலின் குறுகிய பகுதியை அடைத்து அழுத்தத்தை மிகுக்கும். உள்ளே போயிற்று என்பதால் பொருத்தம் என்று எண்ணுதல் ஆபத்து.

பின்னர் முதியவர் குழலை விரலில் தொங்கவிட்டு மெல்லத் தட்டினார். பானை வாங்கும் நம் தாய்மார் செய்வதும் இதுவன்றோ? மணிபோல் ஒலித்தால் பட்டைகளின் பற்று உறுதி. மொத்தென்றால் எங்கோ விட்டிருக்கிறது. குழலும் பின்கட்டும் ஆட்டமின்றிப் பொருந்துகின்றனவா, உட்புறத்தில் துருக்குழியோ நசுங்கலோ உண்டா, திருகாணிகளின் வாய் சிதையாமல் குழலின் போக்கிலேயே நிற்கின்றதா என்பனவும் நோக்கத்தக்கன. சிதைந்த திருகாணி, பழகாத கை பட்டதற்குச் சாட்சி.

நண்பரின் துப்பாக்கியில் குழல் மணிபோல் ஒலித்தது, வேலைப்பாடும் செம்மையே. ஆயினும் இரும்பும் எஃகும் முறுக்கிச் சுற்றிய டமாஸ்கஸ் குழல் அது, 'என்.பி.' முத்திரையும் இல்லை. அறை 2½ அங்குலம். "நல்ல கைவேலை, தரகர் சொன்ன விலைக்குத் தராதீர்கள், இந்தத் தோட்டாவை மட்டும் இதில் இடாதீர்கள்" என்றார் முதியவர். நண்பர் சற்றுநேரம் பேசவில்லை. மறுநாள் அத்தோட்டாவுடனேயே மலையடிவாரம் புறப்பட இருந்தவர் அவர்.

நம் அன்பர்கள் இல்லங்களிலும் இத்தகைய பழைய துப்பாக்கி இருக்கலாம். லைசென்சுக்காரர் மறைந்தால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதைக் காவல் நிலையத்திலோ லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து, வாரிசு தம் பெயரில் லைசென்சு கோரவேண்டும். பரணில் மறைத்து வைத்தல் குற்றமாகும். விற்குமுன் முத்திரையைப் பாருங்கள். சுடுமுன் கட்டாயம் பாருங்கள். நண்பர் விற்கவுமில்லை, சுடவுமில்லை. எண்ணெயிட்டுத் துடைத்த குழல் பாட்டனாரின் நினைவாக அவ்வீட்டிலேயே இருக்கின்றது.