துருப்பிடித்த வண்டிக் கேபினைச் சீர் செய்யும் முறை

காய்கறியைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும், உரமும் விதையும் தீவனமும் வீட்டுக்குக் கொண்டு வரவும் சிறிய சரக்கு வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் இன்று பலர். புது வண்டி வாங்க வசதியில்லாதவர்கள் பழைய வண்டியையே வாங்குகின்றனர். இத்தகைய வண்டிகளில் எஞ்சின் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் நிலையில் இருக்கும்போதே கேபின் துருப்பிடித்து ஓட்டையாகி விடுவதுண்டு. கால் வைக்கும் தரை பொத்தலாகி, கதவு சரியாகச் சாத்தாமல் போனதும், வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடும் எண்ணம் வருகிறது.

துரு ஏறிய இடத்தில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து மறைப்பது பலரும் செய்யும் வேலை. ஒரு மழைக்காலம் போனால் அது உப்பி உதிர்ந்து விடும். கெட்ட தகட்டை வெட்டி எடுத்து, நல்ல தகட்டை இணைத்து, தண்ணீர் வந்த வழியையும் அடைத்தால்தான் பழுது நிற்கும். பொறுமையும் சில கருவிகளும் உள்ளவர்கள் இதில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்து கொள்ளலாம். ஆனால் எதை வீட்டில் செய்யலாம், எதைப் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும் என்பதை முதலில் அறிந்து கொள்வது அவசியம்.

துரு ஏறுவது ஏன்?

இரும்பும், தண்ணீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் சேரும்போது துரு உண்டாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக் கொள்ளும். பெயிண்ட் உப்பி எழும்புவதற்கு இதுவே காரணம். மேலும் அது பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும். ஆகவே ஒரு முறை பிடித்த துரு, மேலே பெயிண்ட் அடித்தாலும் உள்ளே வளர்ந்து கொண்டேயிருக்கும்.

தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் துரு இன்னும் வேகமாகப் பரவும். வேதாரண்யம், தூத்துக்குடி போன்ற உப்பளப் பகுதிகளிலும் மற்றக் கடலோரக் கிராமங்களிலும் வண்டிகள் சீக்கிரம் கெடுவது இதனால்தான். உள்நாட்டு விவசாயிக்கு இந்த உப்பு உர மூட்டையிலிருந்து வருகிறது. மூட்டையிலிருந்து சிந்தும் பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்கள் ஈரத்தில் கரைந்து தகட்டின் இடுக்குகளில் இறங்கி அரிக்கின்றன. மாட்டுக் கொட்டகையை ஒட்டி நிறுத்தும் வண்டிக்கும், சாணமும் கோமியமும் கலந்த ஈரத்தால் இதே கெடுதல் நேரும்.

எங்கே பார்ப்பது?

முதலில் இருக்கையையும் கால்மிதி மேட்டையும் கழற்றி, கேபினை நன்றாகக் கழுவி, 2 நாள் வெயிலில் காய விட வேண்டும். பிறகு சிறு சுத்தியலால் தட்டிக் கொண்டே வர வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கெட்டது மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் திருப்புளி முனையால் அழுத்திப் பார்க்கலாம். உள்ளே இறங்கினால் அந்தத் தகட்டைக் காப்பாற்ற முடியாது.

தரையின் நான்கு மூலைகள், கதவுக்குக் கீழுள்ள படி, கதவின் அடி ஓரம், சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு ஆகிய இடங்களை விடாமல் பார்க்க வேண்டும்.

தண்ணீர் வரும் வழியையும் இப்போதே கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் கை விளக்குடன் உள்ளே அமர, மற்றொருவர் முன் கண்ணாடி மேலும் கதவுகள் மேலும் தண்ணீர் ஊற்றினால் போதும். பல வண்டிகளில் தரை கெடுவதற்குக் காரணம், முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெடித்திருப்பதே. கதவின் அடியிலும் படியிலும் உள்ள வடிதுளைகள் மண்ணும் பதரும் சேர்ந்து அடைபட்டிருந்தால், ஒரு கம்பியால் குத்தித் திறந்து விட வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடாதவை

தரையின் நடுப்பகுதி, கதவின் வெளித்தகடு, மட்கார்டு ஆகியவற்றை வீட்டில் சரி செய்யலாம். ஆனால் கேபினை அடிச்சட்டத்துடன் இணைக்கும் தாங்கிகள், கதவுக் கீல் பொருந்தும் தூண், இருக்கையும் பெல்ட்டும் பொருந்தும் இடம், ஸ்டீயரிங் தாங்கி, பிரேக் மிதி பொருந்தும் பலகை ஆகியவை உயிரோடு சம்பந்தப்பட்டவை. மோதல் நேர்ந்தால் பாரம் முழுவதும் இவற்றின் மேல்தான் விழும். இவற்றில் துரு ஓடியிருந்தால் அனுபவமுள்ள வெல்டரிடம் விடுவதே முறை. இங்கே ரிவெட் அடித்தோ பட்டி வைத்தோ மூடுவது ஆபத்தை மறைப்பதாகும்.

அடிச்சட்டமே அரித்து ஓட்டை விழுந்திருந்தால் கேபினில் செலவு செய்வது வீண். சட்டம் நன்றாக இருந்து, கேபினில் தூண், படி, தரை மூன்றும் போயிருந்தால், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் அதே ரக நல்ல கேபின் கிடைக்குமா என்று விசாரித்துச் செலவை ஒப்பிட வேண்டும். சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு கடந்த பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியிருப்பதால், அந்தத் தேதிக்கு முன்பே வேலையை முடித்துக் கொள்வது நலம்.

வெட்டும் முன் எச்சரிக்கை

பாட்டரி இணைப்பைக் கழற்றி விட வேண்டும். தரைக்கு அடியில் ஓடும் டீசல் குழாய், பிரேக் குழாய், ஒயர்கள் ஆகியவற்றைப் பார்த்து, கழற்றக் கூடியவற்றைக் கழற்றி, மற்றவற்றை மறைத்துக் கட்ட வேண்டும். தரையில் ஒட்டியிருக்கும் தார்ப் பட்டையும் பஞ்சும் எளிதில் தீப்பிடிக்கும். அவற்றைச் சுரண்டி எடுக்காமல் நெருப்பு வேலை செய்யக் கூடாது. தண்ணீர் வாளியும் மணல் வாளியும் அருகில் இருக்க வேண்டும். வைக்கோல் போருக்கு அருகே இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கிரைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றி விட்டு வேலை செய்யக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் முகமூடியும் அணிவது கட்டாயம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக் கூடுமாதலால், அதைத் தேய்க்கும்போது குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் அப்பால் வைக்க வேண்டும்.

படியை வெட்டுவதானால், அதற்கு முன் கதவு வாயிலில் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியைப் பற்ற வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கேபின் தொய்ந்து, பிறகு கதவு பொருந்தாது. ஒரு பக்கம் முடிந்த பின்பே மறு பக்கத்தைத் தொட வேண்டும்.

ஒட்டுப் போடும் முறை

துருப்பிடித்த பகுதியைத் தாண்டி, பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும் வரை வெட்ட வேண்டும். மெலிந்த ஓரத்தில் வெல்டிங் வைத்தால் தகடு உருகி ஓட்டை பெரிதாகும். வெட்டிய மூலைகள் கூர்மையாக இல்லாமல் வளைவாக இருந்தால் பின்னால் விரிசல் விடாது.

வெட்டிய இடத்துக்குக் காலண்டர் அட்டையில் அளவு எடுத்து, அதை வைத்துப் புதுத் தகட்டை வெட்டலாம். தரைக்கு 18 கேஜ், மற்ற இடங்களுக்கு 20 கேஜ் தகடு பொதுவாகப் பொருந்தும். பழைய தகட்டின் கனத்தைப் பார்த்து வாங்க வேண்டும். நாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை வெல்டிங் செய்தால் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். அதைத் தவிர்த்துச் சாதாரணக் கறுப்புத் தகட்டையே பயன்படுத்த வேண்டும்.

மெல்லிய தகட்டுக்கு சி.ஓ.டூ. வெல்டிங் சிறந்தது. குச்சி வெல்டிங் எளிதில் ஓட்டை போட்டு விடும். கோடாக இழுக்காமல், எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்து, சூடு ஆற விட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்ப வேண்டும். அவசரப்பட்டால் தகடு நெளிந்து விடும். வேலை முடிந்த பின் அரை மணி நேரம் வண்டியை விட்டு அகலாமல், எங்காவது புகைகிறதா என்று கவனிக்க வேண்டும்.

வெல்டிங் வசதி இல்லாதவர்கள், பாரம் தாங்காத இடங்களில் மட்டும் ரிவெட் ஒட்டுப் போடலாம். புதுத் தகடு நல்ல தகட்டின் மேல் முக்கால் அங்குலம் ஏறியிருக்க வேண்டும். இரு முகங்களிலும் பிரைமர் பூசி, நடுவே சீலர் வைத்து, அங்குலத்துக்கு ஒரு ரிவெட் அடித்தால் தண்ணீர் புகாது.

மேல் துருவுக்கு மருந்து

ஓட்டை விழாமல் மேலே மட்டும் துரு ஏறிய இடத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, உதிரும் துரு முழுவதையும் எடுத்து விட வேண்டும். குழிகளில் தங்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றும் திரவத்தைத் தடவலாம். அது மிச்சமிருக்கும் துருவை இறுகிய படலமாக மாற்றும். செதில் செதிலாக இருக்கும் துருவின் மேல் இதைத் தடவிப் பயனில்லை. கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றக் கூடாது. இடுக்கில் தங்கும் அதன் உப்பு மீண்டும் துருவைக் கொண்டு வரும்.

கீல், கொக்கி, போல்ட் போன்ற கழற்றக் கூடிய இரும்புப் பாகங்களுக்குக் கரும்புக் கழிவுப்பாகு நல்ல மருந்து. மாட்டுத் தீவனத்துக்கென வாங்கிய பாகு இருந்தால், 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊற வைக்கலாம். ஒன்றிரண்டு வாரங்களில் துரு கரைந்து விடும். வாளியை மூடி, கால்நடைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். அலுமினியப் பாகங்களை அதில் போடக் கூடாது.

பூச்சு வேலை

வெறும் இரும்பு ஓர் இரவுப் பனியிலேயே மீண்டும் துருப்பிடிக்கும். ஆகவே தேய்த்த அன்றே தின்னர் தோய்த்த துணியால் துடைத்துப் பிரைமர் பூசி விட வேண்டும். மாசி முதல் சித்திரை வரையிலான வறண்ட நாட்கள் இதற்கு ஏற்றவை. ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து மாதக் கணக்கில் விட்டு விடுவது தவறு. அது ஈரத்தை உள்ளே விடும். காய்ந்ததும் மேல் பெயிண்ட் இரண்டு கை அடிக்க வேண்டும். பட்டியும் ஈரத்தை உறிஞ்சக் கூடியதே. ஆகவே ஓட்டையை அடைக்க அதைப் பயன்படுத்தாமல், பிரைமர் பூசிய நல்ல தகட்டின் மேடு பள்ளத்தைச் சரி செய்ய மட்டும் மெல்லியதாகப் பூச வேண்டும்.

எல்லா இணைப்புகளிலும் சீலர் வைத்த பின்பே அடிப்பக்கத் தார்ப்பூச்சு அடிக்க வேண்டும். படி, கதவு ஆகியவற்றின் உட்குழிவுகளில் அதற்கென விற்கும் மெழுகைச் செலுத்தலாம். எஞ்சினிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை ஊற்றுவது நல்லதல்ல. அது ரப்பரைக் கெடுப்பதோடு, வடிந்து நிலத்தையும் கிணற்றையும் மாசுபடுத்தும்.

மீண்டும் வராமல் காக்க

உரம், எரு, மீன், உப்பு ஏற்றிய அன்றே வண்டியை நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் உட்படக் கழுவ வேண்டும். ஈரச் சாக்கைக் கேபினுக்குள் போட்டு வைக்கக் கூடாது. மழை நாளில் மேட்டை எடுத்துக் காய வைக்க வேண்டும். வண்டியை மேடான இடத்தில் நிறுத்த வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும், மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு முறையும் வடிதுளைகளைக் குத்தி விட்டு, பெயிண்ட் உப்பிய இடம் ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். கைவிரல் நகம் அளவு இருக்கும்போது உப்புத்தாளோடு முடியும் வேலை, மூன்று மழைக்காலம் விட்டால் வெல்டிங் பட்டறைக்கு இழுத்துச் செல்லும்.