அலைக்கு ஊர் எது?

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: காற்றே இல்லாத நாளில் கடல் எப்படி வீட்டு வாசல்வரை ஏறுகிறது? ஹைதராபாத்தில் இருப்பவர்கள் அதை எப்படி முன்கூட்டியே சொல்கிறார்கள்?

அவர் சொல்வது, கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸை. செயற்கைக்கோள், கணினி எல்லாம் அங்கே உண்டு. எனக்குப் பிடித்தது மிதவைதான். சங்கிலியில் கட்டுண்டு கிடக்கும், ஒரு மீட்டர் விட்டம்கூட இல்லாத உருண்டை. உள்ளே ஒரு முடுக்கமானி. அலையோடு ஏறி இறங்கும் அசைவை அது பதிய, அலையின் உயரமும் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் உள்ள நேர இடைவெளியும் கணக்கில் கிடைத்துவிடும். அத்தனை பெரிய கடலில் ஒற்றைப் புள்ளி!

அதுவே நிறையச் சொல்லும். ஆழ்கடலில் இடைவெளி கூடிய நீள அலை முந்தும், குட்டை அலை பின்தங்கும். எங்கள் ஊர் வழியே திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் கூட்டமும் இப்படித்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரே கும்பலாகக் கடப்பார்கள். தொலைவிலிருந்து வருபவர்களில் இளவட்டங்கள் காலையிலேயே போய்விட, பெரியவர்கள் பொழுது சாயும்போதுதான் வருவார்கள். வந்த தூரத்தை டீக்கடை பெஞ்சிலிருந்தே சொல்லிவிடலாம்.

20 வினாடி இடைவெளியுள்ள அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 56 கி.மீ. போகும்; 15 வினாடி என்றால் 42. முன்னது வந்து 30 மணி நேரம் கழித்துப் பின்னது வந்தால், புயல் ஏறக்குறைய 5,000 கி.மீ. தள்ளி அடித்திருக்கிறது. 1963-இல் வால்டர் மங்க் குழுவினர் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை ஆறு நிலையங்கள் அமைத்து, அண்டார்டிகா பக்கத்துப் புயலின் அலைகளைப் பசிபிக் நெடுகப் பின்தொடர்ந்தார்கள். காற்றில்லாத நாளில் சொல்லாமல் ஏறிவரும் நம் கள்ளக்கடலும் தெற்கு இந்தியப் பெருங்கடலில் கிளம்பி நாள்கணக்கில் பயணம் செய்து வருவதுதான். இங்கே காற்று இல்லாததில் வியப்பில்லை.

அறிவிப்பில் வரும் '3 மீட்டர் அலை' என்பது உச்சம் அல்ல. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று அதன் இரு மடங்கை நெருங்கலாம். இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. மிதவைகளின் கதி இன்னும் மோசம். அடியில் மீன் கூடுகிறதென்று படகைக் கட்டுகிறார்கள், கருவிகளைக் கழற்றுகிறார்கள். ஒரு மிதவை ஊமையானால் அந்தக் கரைக்கே கண் போனது போல. எச்சரிக்கை வந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்கவும் வேண்டும். 2024 மே மாதம், எச்சரிக்கை இருந்தபோதே, குளச்சல் இருக்கும் மாவட்டத்திலேயே உள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது.

கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் வானத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துவிடுங்கள். கால் நனைக்க இன்னொரு நாள் போகலாம்.