'ஏ'யும் 'பி'யும் எங்கே போயின?

கணிப்பொறியின் வன்தட்டுக்கு 'சி' என்று பெயரிட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தட்டைப் பிரித்து வைத்திருந்தால் 'டி', 'இ' என்பனவும் வரிசையாக நிற்கும். ஆங்கில அகரவரிசை 'ஏ'யில் அன்றோ தொடங்குகிறது? அப்படியானால் முதல் இரண்டு எழுத்துகள் எங்கே போயின? வகுப்பில் இதைக் கேட்டால், நாள்தோறும் கணிப்பொறியைத் தொடுகிற மாணவர்கள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

விடை காண நாம் 1974ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த கேரி கில்டால் என்பவர் அவ்வாண்டில் சிறிய கணிப்பொறிகளுக்கென ஓர் இயக்க அமைப்பை எழுதினார். அதன் பெயர் சி.பி.எம். (அரசியல் கட்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை!) இயக்க அமைப்பு என்பது ரயில் நிலைய அதிகாரியைப் போன்றது. எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் வரலாம், எது காத்திருக்க வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கிறார் அல்லவா? அதுபோல, நாம் பயன்படுத்தும் மென்பொருள் எதுவும் வட்டையோ திரையையோ தானாகத் தொடுவதில்லை. இயக்க அமைப்பிடம் கேட்டு, அது இசைந்த பிறகே தன் வேலையைச் செய்துகொள்கிறது.

கில்டாலின் காலத்தில் சிறிய கணிப்பொறிகளில் தகவல்களைச் சேமித்தவை பிளாப்பி என்னும் நெகிழ்வட்டுகளே. அவற்றைச் செருகும் முதல் பெட்டிக்கு 'ஏ' என்றும், இரண்டாவதற்கு 'பி' என்றும் பெயர். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதற்கு மைக்ரோசாப்ட் அளித்த டாஸ் என்னும் இயக்க அமைப்பும் இதே வழக்கத்தைப் பின்பற்றியது. ஒரே ஒரு பெட்டி இருந்தால் என்ன செய்வது? டாஸ் அதனையே 'ஏ' என்றும் 'பி' என்றும் மாற்றி மாற்றிக் கருதிக்கொள்ளும். "இப்போது 'பி'க்குரிய வட்டைச் செருகுக" என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டுக் காத்திருக்கும்! ஆகவே, ஒரு பெட்டி உள்ள கணிப்பொறியிலும் இரண்டு எழுத்துகளும் செலவாகிவிட்டன. 1983இல் வன்தட்டுடன் கூடிய மாதிரி வந்தபோது எஞ்சியிருந்த முதல் எழுத்து 'சி'தான். அந்த வன்தட்டின் கொள்ளளவு 10 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் மூன்று நான்கு படங்களிலேயே அது நிரம்பிவிடும்.

பிளாப்பி மறைந்த பின்னராவது வன்தட்டுக்கு 'ஏ' என்று பெயர் மாற்றியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் 'சி' என்ற எழுத்தைத் தம்முள் எழுதி வைத்துக்கொண்டுவிட்டன. பெயரை மாற்றினால் அவை யாவும் வழி தெரியாமல் நின்றுவிடும். வீட்டைப் புதுப்பிக்கலாம், குடியிருப்பவர்கள் உள்ளே இருக்கும்போது கடைக்காலைப் பெயர்த்தெடுக்க முடியுமா?

இன்னொரு சோதனையையும் செய்து பாருங்கள். விண்டோஸ் கணிப்பொறியில் புதிய கோப்புறை ஒன்றை உண்டாக்கி, அதற்கு 'கான்' என்று ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளில் (சி, ஓ, என்) பெயரிட முயலுங்கள். கணிப்பொறி மறுத்துவிடும். இதை இந்திய மாணவர் ஒருவர் கண்டுபிடித்தார் என்றும், பில் கேட்ஸாலேயே காரணம் சொல்ல முடியவில்லை என்றும் ஒரு கதை பல ஆண்டுகள் மின்னஞ்சலில் சுற்றி வந்தது. இதில் மருமம் ஒன்றுமில்லை. விசைப்பலகையும் திரையும் சேர்ந்த முனையத்திற்குப் பழைய இயக்க அமைப்புகள் வைத்திருந்த பெயரே 'கான்'. முதல் டாஸில் கோப்புறை என்ற ஏற்பாடே கிடையாது. எல்லாக் கோப்புகளும் ஒரே இடத்தில் கிடக்கும். ஆகவே இப்பெயர் எங்கும் ஒன்றையே குறித்தது. 1983இல் வந்த இரண்டாம் டாஸில்தான் கோப்புறைகள் பிறந்தன. பழைய மென்பொருள்கள் கெடாதிருக்க, எந்தக் கோப்புறையிலும் 'கான்' முனையத்தையே குறிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அன்று செய்த அந்த ஏற்பாடே இன்று உங்கள் கையைத் தடுக்கிறது.

உங்கள் கைப்பேசியிலும் இப்படி ஒரு பழைய குடித்தனக்காரர் உண்டு. சில வேளைகளில் ஏதேனும் ஒரு கோப்பின் தேதி 1970 ஜனவரி 1, காலை 5.30 மணி என்று காட்டுவதைக் கண்டிருப்பீர்கள். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பு, 1970ஆம் ஆண்டு பிறந்த கணத்திலிருந்து நொடிகளை எண்ணிக் காலத்தைக் குறிக்கிறது. ஆண்ட்ராய்டுக்கு அடிப்படையான லினக்ஸ் இந்த வழக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. தேதி தெரியாதபோது எண்ணிக்கை பூச்சியமாகிவிடும். கிரீன்விச்சில் அது நள்ளிரவு. ஐந்தரை மணி நேரம் முந்திச் செல்லும் நமக்கோ விடியற்காலை! இந்த எண்ணை 32 பிட்டுகளில் அடைத்து வைத்திருக்கும் பழைய கருவிகளில் 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு இடம் தீர்ந்துவிடும். அடுத்த நொடியில் அவை 1901ஆம் ஆண்டிற்குத் தாவிவிடும். புதிய கருவிகள் 64 பிட்டுக்கு மாறிவிட்டதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கறுப்புத் திரையும் கண்சிமிட்டும் கோடுமாக டாஸில் பழகியவர்கள் இன்றும் அதனை ஏக்கத்துடன் பேசுவார்கள். அந்த ஏக்கத்தில் ஒரு பாதி அவரவர் இளமையைப் பற்றியது என்பதே என் எண்ணம். மறு பாதிக்குத் தகுந்த காரணம் உண்டு. தொடக்க கால டாஸ் சில ஆயிரம் வரிகளே கொண்டது. ஒரு மனிதர் உட்கார்ந்து முழுவதையும் படித்துப் புரிந்துகொண்டுவிடலாம். லினக்ஸின் மையப் பகுதி மட்டுமே இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது.

இனி, நம் பக்கத்து ரயில் பாதைக்கு வருவோம். மதுரையிலிருந்து ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் சென்ற மீட்டர் கேஜ் வண்டி 2010ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது. அகலப் பாதையில் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் மாதம் போடிக்கும் ரயில் வந்தது. சென்னையிலிருந்து நேர் வண்டியும் கிடைத்தது. மயிலாடும்பாறைக்காரர் ஒருவர் இந்த வண்டியில் படுக்கை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே நொடியில் சென்னையில் ஒருவரும் கேட்கிறார். மீதி இருப்பதோ ஒரே படுக்கை. இருவருக்கும் அது கிடைத்துவிட்டால் என்னாகும்?

பேரேட்டில் எழுதிய காலத்தில் இந்தச் சிக்கலுக்கு இடமில்லை. பேரேடு ஓரிடத்தில்தான் இருக்க முடியும். அதனால்தான் ஊருக்கு இத்தனை இடம் என்று பங்கு பிரித்தார்கள். ஓர் ஊரில் இடம் காலியாகவும், வேறோர் ஊரில் ஆள் காத்திருக்கவும் நேர்ந்தது. 1985-86இல் புது தில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. அதற்கு அமைந்தவை அமெரிக்க டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் கணிப்பொறிகள். 1977இல் வெளியான அவ்வகைக் கணிப்பொறிகளுக்கென எழுதப்பட்ட இயக்க அமைப்பு வி.எம்.எஸ். ஆகும்.

இதன் சிறப்பே பூட்டுப் போடுவதில்தான் இருந்தது. பல கணிப்பொறிகள் ஒரே வட்டைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் ஒரு பதிவை ஒன்று திருத்தும்போது மற்றவை காத்திருக்கும். ஒற்றைத் தண்டவாளப் பாதைகளை நினைத்துப் பாருங்கள். பிரம்பு வளையத்தில் கட்டிய டோக்கன் கைக்கு வந்தால்தான் ஓட்டுநர் அடுத்த நிலையத்தை நோக்கி வண்டியைச் செலுத்தலாம். டோக்கன் ஒன்றே என்பதால் எதிரில் வேறு வண்டி வராது. நம் உவமை வெறும் கற்பனையன்று. டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960களில் இவ்வகைக் காவல் முறையை வகுத்தபோது, ரயில்வேயின் கைகாட்டிக்குரிய ஆங்கிலப் பெயரையே அதற்கு வைத்தார்.

பின்னர் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்ற ஐந்து மையங்களும் 1999க்குள் ஒன்றாக இணைக்கப்பட்டன. இயந்திரங்கள் பலமுறை மாறின. டிஜிட்டல் நிறுவனம் 1998இல் காம்பாக்கிற்கும், அது 2002இல் எச்.பி.க்கும் கைமாறியது. வி.எம்.எஸ். மட்டும் ஓப்பன்வி.எம்.எஸ். என்ற பெயருடன் தொடர்ந்தது. முன்பதிவு அமைப்பு 2010இல் நிறுவிய இட்டானியம் கணிப்பொறிகளிலும் ஓப்பன்வி.எம்.எஸ்ஸிலும் இயங்குவதாக 2025இல் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். நிமிடத்திற்கு 25,000 பயணச்சீட்டுகள் வரை வழங்கவல்ல அதனை, ஒரு லட்சத்திற்கு மேல் வழங்கும்படி மாற்றியமைக்கும் திட்டமும் அப்போது சொல்லப்பட்டது. இட்டானியம் சில்லுகளை இன்டெல் நிறுவனம் 2021லேயே நிறுத்திவிட்டது. ஆகவே மாற்றம் தேவைதான். ஆனால் இது புதுக் கணிப்பொறியை வாங்கி வைக்கும் வேலையன்று. எந்த நிலையில் எந்தப் பூட்டு விழுகிறது, வட்டு பழுதானால் பாதியில் நின்ற சீட்டு என்னவாகிறது என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்த நடைமுறைகளை ஒன்றுவிடாமல் கண்டறிந்து, ஒரு நாளும் முன்பதிவை நிறுத்தாமல் மாற்ற வேண்டும். அதற்குப் பழையதைப் படித்தறிந்தவர்கள் தேவை.

வி.எம்.எஸ்ஸை உருவாக்கியோரில் முதன்மையான டேவ் கட்லர் 1988இல் மைக்ரோசாப்டில் சேர்ந்து விண்டோஸ் என்.டி.யை வடிவமைத்தார். அது 1993இல் வெளியாயிற்று. இன்றைய விண்டோஸ் 11 அதன் வழித்தோன்றலே. வி, எம், எஸ் என்ற எழுத்துகளை ஆங்கில வரிசையில் ஒவ்வோர் இடம் தள்ளினால் டபிள்யூ, என், டி கிடைக்கும், தற்செயலாகத்தான் இருக்கும்!

பழையதைத் தொட்டுப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வழி உண்டு. மைக்ரோசாப்ட் டாஸைக் கைவிடப் போவதை அறிந்து, 1994இல் அமெரிக்க இயற்பியல் மாணவர் ஜிம் ஹால் ஃப்ரீடாஸ் என்பதைத் தொடங்கினார், அதன் 1.4ஆம் பதிப்பு 2025இல் வந்தது. விலையில்லை. கணிப்பொறிக்குள் கணிப்பொறியாக நடிக்கும் மென்பொருள் ஒன்றில் அதனை நிறுவி, 'ஏ' என்று தட்டி ஒரு முக்காற்புள்ளி வைத்து, உள்ளிடும் விசையை அழுத்துங்கள். வட்டு செருகப்படவில்லை என்று அது உங்களிடம் முறையிடும்.